டெலிபோன் வாய்க்கு வைத்த வெல்லம்

1888 பிப்ரவரி 4: பாய்லர் வேலை, நாளுக்கு ஐந்து அணா.
1902 அக்டோபர் 6: லைன் காவல், மாதம் ஒன்பது ரூபாய், ஓராண்டுக்குத் தற்காலிகம்.
1903 செப்டம்பர் 30: வெல்லம், காலணா.
1903 அக்டோபர் 1: டெலிபோன் வாய்த்தகடு புதிது, ஒரு ரூபாய் இரண்டணா.

காத்தவராயன் பெயரில் நான் குறித்து வைத்தவற்றில் முக்கியமானவை இவைதான். மூன்றாவது வரி சர்க்கார் கணக்கில் இல்லை. அவன் மனைவி பாப்பம்மாவிடம் கேட்டு நானே எழுதிக்கொண்டது. அதை விட்டுவிட்டால் நான்காவது வரி யாருக்கும் விளங்காது.

அவன் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவன். தங்கவயலில் கோரமண்டல் சுரங்க ஷாஃப்டின் பாய்லருக்குப் பதினான்கு வருஷம் விறகு தள்ளினான். இரும்புக் கதவைத் திறந்தால் முகத்தில் அறையும் அந்தச் சூட்டில் அவன் புருவம் இரண்டு முறை கருகி முளைத்ததாகச் சொல்வான். பாய்லர்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆயுதபூஜை அன்று பொரி, கடலை, வெல்லம் மூன்றையும் பிசைந்து உருண்டை பிடித்து, முதல் உருண்டையைப் பாய்லரின் நெருப்பு வாயில் போடுவார்கள். சாமிக்கே அதற்கு அடுத்ததுதான். தங்கள் பாய்லருக்கு வருஷா வருஷம் உருண்டை பிடித்தவள் பாப்பம்மா.

1902இல் காவேரி அருவியிலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து, சர்க்கார் தங்கவயலுக்குக் கரண்டு கொண்டுவந்தது. பாய்லர்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. விறகு தள்ளியவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். காத்தவராயன் இறங்க மறுத்தான். சர்க்கார் மின்சார இலாகாவின் லைன் ஆபீஸ் அப்போது பங்காருபேட்டையில் இருந்தது. அந்நாளில் அதைப் பௌரிங்பேட்டை என்பார்கள். அங்கே வந்து வேலை கேட்டான். அந்த ஆபீசில் தினசரி பதிவு எழுதுகிற குமாஸ்தா நான்.

ஓவர்சியர் நாகேஷ ராவ் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனப்பா, விறகு தள்ளினவனுக்குக் கம்பியைப் பத்தி என்ன தெரியும்?"

"விறகைப் பத்தியும் மொத நாள் தெரியாதுங்க சாமி."

அந்தப் பதிலுக்காகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு வருஷம் சோதனை என்று எழுதினார். வருஷக் கடைசியில் அவர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் காவல் வீட்டைக் காலி செய்துவிட்டு சுரங்கத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் கும்பலோடு சுரங்கத்துக்குள் போக வேண்டியதுதான்.

காவல் வீடு என்பது ஓடு வேய்ந்த ஒரே அறை. சுவரில் மரப்பெட்டி டெலிபோன். மேலே இரண்டு மணிகள், நடுவில் புனல் போல நீட்டிக்கொண்டிருக்கும் வாய், பக்கத்தில் கைப்பிடி. அதைச் சுற்றினால் எங்கள் ஆபீசில் மணி அடிக்கும். தன் பகுதிக் கம்பியை நடந்து பார்த்துவிட்டு வந்து, "லைன் சரி" என்று அவன் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஒரு தடவைகூடத் தவறாமல் சொன்னான். அடுத்த காவல் வீடு ஒன்றரை மைல் தள்ளி இருந்தது. அங்கே இருந்தவன் ஏனோக், மிஷன் சபைக்காரன், மதுவைத் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டவன்.

அந்த வருஷம் ஆயுதபூஜை செப்டம்பர் 30, புதன்கிழமை வந்தது. மத்தியானம் "லைன் சரி" சொல்லிவிட்டுக் காத்தவராயன் மறுபடி கம்பி பார்க்கப் போனான். அதற்குள் பாப்பம்மா இடுக்கி, இடுப்பு வார், அரிவாள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தாள். வாசலில் இரண்டு வாழைக்கன்று கட்டினாள். டெலிபோன் பெட்டிக்குச் சந்தனம் வைத்தாள். அதிலெல்லாம் தவறில்லை, எங்கள் ஆபீஸ் பெட்டிக்கு நானே குங்குமம் வைத்திருந்தேன், நாகேஷ ராவ்தான் பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டினார். ஆனால் பாப்பம்மா பாய்லர்காரன் பெண்டாட்டி. புருஷனுக்குச் சோறு போடுகிற இயந்திரத்துக்கு வாய் இருந்தால் முதல் உருண்டை அதற்குத்தான். இதற்கும் வாய் இருந்தது. உருண்டையை வைத்து, விழாமலிருக்கக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

மூன்று மணி வாக்கில் பெருங்காற்று அடித்தது. வண்டிப்பாதை ஓரத்துப் புங்கமரம் ஒன்றின் கிளை பிளந்து கம்பிப் பக்கம் சாய்ந்து நின்றது. இன்னொரு காற்று அடித்தால் கம்பியோடு பாதையில் விழும். பண்டிகைக்குப் போன வண்டிகள் திரும்புகிற நேரம். காத்தவராயன் வீட்டுக்கு ஓடிவந்து கைப்பிடியைச் சுற்றினான்.

ஆபீசில் எடுத்தவர் நாகேஷ ராவ். நான் பக்கத்தில் இருந்தேன். அவன் சொன்னது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. மெல்லும் சத்தம் போல ஒன்று மட்டும் கரகரத்தது. அவர் சொன்னதெல்லாம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"யாரப்பா? பேசு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுதான் பாருங்க, பண்டிகை. நல்லா குடிச்சுட்டு டெலிபோனைப் பிடிச்சு விளையாடறான். நாளைக்கே மூட்டையைக் கட்டச் சொல்றேன்."

வைத்துவிட்டார். காத்தவராயன் பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாடி இது?"

"வெல்லம்."

"இதுக்கா ஊட்டின?"

"பாய்லருக்கு ஊட்டும்போது மட்டும் இன்னா பண்ண, கையக் கட்டிக்கினு தானே நின்ன?"

சண்டைக்கு நேரமில்லை. பாதையில் வண்டி எதையும் விடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு ஏனோக் வீட்டுக்கு ஓடினான். பாப்பம்மா வாசலில் கட்டிய வாழைக்கன்றுகள் இரண்டையும் பிடுங்கி, மரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பாதையின் குறுக்கே போட்டாள். பூஜை வாழையை எந்த வண்டிக்காரனும் மிதித்துத் தாண்ட மாட்டான். ஆறு வண்டி நின்றது. ஒருவன் மட்டும் இறங்கி வந்து, "இன்னாம்மா, நடுரோட்டுல கல்யாணமா?" என்று கேட்டானாம். "மேல பாரு, உன் கருமாதி தொங்குது" என்றாளாம் இவள்.

ஏனோக் வீட்டிலிருந்து வந்த அழைப்பையும் நாகேஷ ராவே எடுத்தார்.

"சாமி, நான் காத்தவராயன். நான் குடிக்கல. புங்கமரம் கம்பி மேல சாஞ்சு நிக்குது. கரண்டை நிறுத்துங்க."

கரண்டை நிறுத்தினால் தங்கவயலில் கல் இடிக்கும் மில்கள் நின்றுபோகும். மேலே வரைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நாகேஷ ராவ். குடித்தவன் பேச்சைக் கேட்டு நிறுத்தினார் என்றால் அவர் வேலையே போய்விடும்.

"ஏனோக் இருக்கானா? அவனைப் பேசச் சொல்லு."

"இருக்கேங்க. அண்ணன் வாயை மோந்து பார்த்துட்டேன். வெல்ல வாசனைதான் வருது."

"வெல்லமா?"

"ஆமாங்க. அது பெரிய கதை. மொதல்ல கரண்டை நிறுத்துங்க."

நாகேஷ ராவ் நிறுத்தச் சொன்னார். மூன்று மணி நாற்பத்தொன்று என்று எழுதினேன். லைன் ஆட்கள் போய்க் கிளையை வெட்டி இறக்கியதும் நான்கு முப்பத்தைந்துக்குக் கரண்டு திரும்பியது. கம்பி அறுந்துபோகவில்லை. யாருக்கும் அடியில்லை.

மறுநாள் காலை நாகேஷ ராவும் நானும் காவல் வீட்டுக்குப் போனோம். நாங்கள் வருவதற்கு முன்பே ஏனோக் வந்து காத்தவராயனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தானாம். "இடி விழுந்து டெலிபோன் கெட்டுப்போச்சுன்னு சொல்லுண்ணா. யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"இடி விழுந்த பெட்டிக்கு எறும்பு வருமா?" என்றானாம் காத்தவராயன்.

அவன் சொன்னது சரி. தரையிலிருந்து சுவரேறி டெலிபோனின் வாய்க்குள் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வரிசை பொரித் துணுக்குகளைச் சுமந்துகொண்டு இறங்கியது. நாகேஷ ராவ் பக்கத்தில் வந்து அதைப் பார்த்தார். பிறகு திருகாணியைக் கழற்றி வாய்த்தகட்டை எடுத்தார். துளைகளெல்லாம் வெல்லம் உருகி இறுகியிருந்தது.

"இதுக்கு யார் பொறுப்பு?"

"நான்தாங்க" என்றாள் பாப்பம்மா, அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால். "பதினாலு வருஷம் பாய்லர் வாயில போட்டேன். அது ஒரு நாளும் நிக்கல. இது இவ்வளவு நோஞ்சான்னு யாரும் சொல்லலையே."

காத்தவராயன் முன்னால் வந்தான். "காவல் வீட்டுச் சாமானுக்கு நான்தாங்க பொறுப்பு. தகட்டு விலையை என் சம்பளத்துல புடிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன். டெலிபோன் பேசல, அதை எழுதுங்க. கம்பி அறுந்து விழல, அதையும் எழுதுங்க. ரெண்டையும் ஒரே காயிதத்துல எழுதுங்க."

கெஞ்சவில்லை. கூலி கேட்பது போல நிதானமாகக் கேட்டான். நாகேஷ ராவ் என்னைப் பார்த்து, "எழுதிக்கோங்க" என்றார். அங்கேயே நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். டெலிபோன் பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் "வெல்லம்" என்றே போடச் சொன்னார். குடித்திருந்தான் என்று தாம் நினைத்தது தவறு என்பதையும் சேர்க்கச் சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காகிதம் தலைமை ஆபீசுக்குப் போயிற்று.

அக்டோபர் 5ஆம் தேதி அவனுடைய ஒரு வருஷம் முடிந்தது. பதில் வரவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை, இருக்கச் சொல்லியும் வரவில்லை. மேஸ்திரி ஒரு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தான். "எனக்கு வேலை இருக்குது, போங்க" என்று அனுப்பிவிட்டுக் காத்தவராயன் கம்பி பார்க்கக் கிளம்பினான். டெலிபோனில் அவன் "லைன் சரி" சொல்வதில் ஒரு மாற்றமும் இல்லை. பாப்பம்மா மட்டும் மூட்டை கட்டும் கயிற்றை எடுத்து ஆட்டுக்குட்டியைக் கட்டிவிட்டாள். இனி அந்தக் கயிறு வேறு எதற்கும் வேண்டியிராது என்று ஏனோக்கிடம் சொன்னாளாம்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. காத்தவராயன் நரைத்த தலையோடு அதே வீட்டிலிருந்து ஓய்வு பெற்றான். அதுவரை ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் முதல் உருண்டை டெலிபோனுக்குத்தான். ஆனால் பெட்டிக்கு நேர் கீழே, தரையில், இலை போட்டு.

வேலை நிரந்தரம், மாதம் பதினொரு ரூபாய், வாய்த்தகட்டின் விலை பிடித்தம் என்று தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அது வந்து சேர்ந்தது அவன் வருஷம் முடிந்து ஏழு வாரம் கழித்து, 1903 நவம்பர் 23, திங்கட்கிழமை.