நிக்கோலா நாளில் ஏழு நிலையங்கள்

ஒரு கம்பெனிக்குப் புதிதாகக் கணினி இணைப்பும் தொலைபேசியும் போட்டுத் தர வேண்டுமென்றால், எங்கள் அலுவலகத்தில் மற்றவர்கள் லேப்டாப்பைத் திறப்பார்கள். நெவெங்கா அக்கா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நேரே அந்த இடத்துக்குப் போய், மேலாளரிடம் ஐந்து நிமிடமும், பெருக்குகிற அம்மாவிடம் அரை மணி நேரமும் பேசுவார். எந்தப் பிளக்கில் பொறி பறக்கிறது, எந்தச் சுவரில் மழைநீர் இறங்குகிறது என்பதெல்லாம் மேலாளர்களுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. திரும்பி வந்து சுவரளவு தாளில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எழுதுவார். யார், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எல்லாம் இருக்கும். வேலை முடிந்ததும் கேக் வெட்டுவதற்குக்கூட இருபது நிமிடம் ஒதுக்கியிருப்பார்.

நான் ரதோய்கோ. அவர் எழுதுகிற தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏணி ஏறுகிறவன். சாச்சக் கிளையில் என்னையும் சேர்த்து ஆறு டெக்னீஷியன்கள். எங்கள் ஆறு பேருடைய மனைவிமாரின் பிறந்தநாளும் அக்காவுக்குத் தெரியும். அன்றைக்கு எங்களை வெளியூர் அனுப்பமாட்டார். இப்படிப்பட்டவர்தான் அந்த வருடம் டிசம்பரில் கோட்டை விட்டார்.

பேருந்துக் கம்பெனி ஒன்றின் வேலை அது. ஏழு நிலையங்கள். டிக்கெட் கணினியும் தொலைபேசியும் ஒரே இணைப்பில் வர வேண்டும். புதிய லைன் பதினெட்டாம் தேதி மாலைதான் எங்கள் கைக்கு வரும். பழைய லைனை இருபதாம் தேதி காலையில் துண்டித்துவிடுவார்கள். ஆகவே பத்தொன்பதாம் தேதி ஒரே நாளில் ஏழையும் மாற்றியாக வேண்டும். இதில் அக்காவின் தலை உருண்டுகொண்டிருந்தது. அதே வருடம் இரண்டு வேலைகள் தாமதமாகியிருந்தன. ஒன்றில் கருவிகள் சுங்கத்துறையில் மாட்டிக்கொண்டன, இன்னொன்றில் வாடிக்கையாளரே கட்டடத்தை மாற்றிவிட்டார். யார் குற்றம் என்று பெல்கிரேடு தலைமையகம் கேட்கவில்லை. மூன்றாவதும் தள்ளிப்போனால் திட்டமிடுகிற வேலை முழுக்க பெல்கிரேடுக்குப் போகும், நெவெங்கா கிடங்கில் உட்கார்ந்து கேபிள் எண்ணட்டும் என்று எங்கள் டைரக்டர் செக்குலிச்சிடம் சொல்லிவிட்டார்கள். அக்கா அதை எங்களிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் எல்லாரையும் உட்கார வைத்துத் திட்டத்தை வாசித்தார். பத்தொன்பதாம் தேதி, காலை ஏழு மணி, ஆறு டெக்னீஷியன்கள், ஏழு நிலையங்கள் என்று வந்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அன்னிக்கு உங்க வீட்டுக்குத்தானே நான் சாப்பிட வரணும்?"

பத்தொன்பது, நிக்கோலா நாள். எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு, அவர் நாளில்தான் ஸ்லாவா என்கிற வீட்டு விருந்து. பாதி ஊருக்கு அந்தப் புனிதர் நிக்கோலா. அக்காவின் புருஷன் ஷிவான் வீட்டுக்கும் அவரேதான். ஆறு கெண்டை மீனுக்கு அக்கா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். சமையலறையில் அது நிக்கோலா நாள், அலுவலகத்தில் வெறும் பத்தொன்பதாம் தேதி. அரசாங்க விடுமுறை இல்லை என்பதால் கணினி அதை வேலை நாளாகவே காட்டியது. ஆறு பேரில் நான்கு பேருக்கு அன்று ஸ்லாவா. ஒருவரும் விடுப்பு எழுதிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததை யார் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

அக்கா தாளைச் சுருட்டினார். "நாளைக்குக் காலையில வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் புதுத் தாள் சுவரில் இருந்தது. ஸ்லாவா உள்ள நான்கு பேரும், அவரவர் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தை விடியற்காலையில், விருந்தாளிகள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். மீதி மூன்றும் ஸ்லாவா இல்லாத எங்கள் இருவருக்கு. குச்சா, இவானித்சா நிலையங்கள் என் பங்கு. ஒவ்வொரு நிலையமும் முடிந்ததும் அங்கிருந்தே புதிய லைனில் அக்காவின் வீட்டுக்குப் பேசிச் சோதிக்க வேண்டும். புனிதருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி எரிகிற வீட்டை விட்டு அவர் நகர முடியாதே. சோதனை முடியும்வரை யாரும் ரக்கியா சாராயத்தைத் தொடக்கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தார்.

என் வரிசையில் ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இவானித்சா நிலைய அதிகாரி ஒப்ராத்திடம் சாவி வாங்க ஒன்றரை மணி நேரம் என்று இருந்தது. அவர் வீடு நிலையத்திலிருந்து இருநூறு அடி. "நடக்கத் தெரியாதவன்னு நினைச்சீங்களா அக்கா?" என்றேன். ஒப்ராத்துக்கும் அன்று ஸ்லாவா, போய்ப் பார் என்றார்.

போய்ப் பார்த்தேன். குச்சாவை முடித்துவிட்டு ஒரு மணிக்கு ஒப்ராத் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே நாற்பது பேர். சாவியைக் கொடுங்கள், ஓடிவிடுகிறேன் என்றேன். ஒப்ராத் என் கோட்டை வாங்கி உள்ளறையில் மாட்டிவிட்டார்.

"சாவி எங்க ஓடிடப் போகுது? நிக்கோலா நாள்ல எங்க வீட்டுப் படியேறினவன் பசியோட போனதில்ல. உட்காரு தம்பி."

வேகவைத்த கோதுமை ஒரு கரண்டி வந்தது, பிறகு மீன் சூப், பிறகு அடுப்பில் வைத்த பீன்ஸ். ரக்கியாவை மறுத்தேன் என்பதற்காக அவர் மாமியார் கெண்டையை இரண்டு முறை பரிமாறினார். என் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

அதே நேரம் சாச்சக்கில் நடந்ததை ஷிவான் பிறகு சொன்னார். ஆறு நிலையங்களிலிருந்தும் அழைப்பு வந்துவிட்டது. டைரக்டர் செக்குலிச்சும் மனைவியோடு வந்திருந்தார். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வரவேண்டியவர்கள் வந்துவிடுவார்கள். அவருக்கு மீன் இறங்கவில்லை. இவானித்சா என்ன ஆயிற்று என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்துவிட்டு, "இப்பதான் அவனுக்கு பீன்ஸ் வந்திருக்கும். ரெண்டே முக்காலுக்குக் கூப்பிடுவான், நீங்க சாப்பிடுங்க" என்றாராம்.

சாவியும் கோட்டும் என் கைக்கு வந்தபோது மணி இரண்டரை ஆகப் பத்து நிமிடம். ஒப்ராத்தும் இரண்டு விருந்தாளிகளும் கூடவே வந்து டார்ச் பிடித்தார்கள். ஒயர்களை மாற்றினேன், டிக்கெட் கணினி உயிர் பெற்றது, புதிய தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினேன். இரண்டு மணி நாற்பத்து மூன்று நிமிடம்.

"என்னடா, மீனு நல்லாயிருந்துச்சா?" என்றார் அக்கா.

நல்லாயிருந்தது, ஏழும் முடிந்தது என்றேன். அவர் அதை அங்கே உரக்கச் சொன்னார். கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது, லைன் திறந்தே இருந்தது. நானும் வைக்கவில்லை. செக்குலிச்சின் குரல் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுபோலத் தெளிவாக வந்தது.

"நெவெங்கா, பெல்கிரேடுக்கு நான் எதையும் அனுப்பப் போறதில்ல. திட்டமெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். கிடங்குக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்."

அக்கா வெடுக்கென்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒப்ராத்தும் என் காதோடு காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு ஷிவானின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது.

"உட்காரு நெவெங்கா. மீதியை நான் பரிமாறுறேன்."