கச்சான் காற்றில் கூடைப்பந்து

கூடைப்பந்துப் பயிற்சியாளன் என்று சொன்னால் திருகோணமலையில் பாதிப்பேர் 'வலைப்பந்தோ?' என்று கேட்பார்கள். மீதிப்பேர் அதையும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டு நிழலில் நின்று கத்துகிற சுகமான உத்தியோகம் என்று என் மனைவியின் சொந்தக்காரர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கரப்பந்து, கபடி, எல்லே என்று எதையாவது பழக்கப்போய் அகப்பட்டுக்கொண்ட மாஸ்டர்மாரே, உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இதை வாசித்தால் ஆறுதல் கிடைக்காது, துணை கிடைக்கும்.

முழங்கால்

நான் மாவட்ட அணிக்கு விளையாடிய காலத்தில் எங்கள் மைதானம் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. சீமெந்துத் தரை. ஒவ்வொரு மாரிக்கும் ஒரு புது வெடிப்பு வரும். எந்த வெடிப்பு எங்கே என்று எங்களுக்கு மனப்பாடம், வெளியூர் அணிகளுக்குத் தெரியாது. அதை எங்கள் பலம் என்றே நினைத்திருந்தோம். ஒருநாள் துள்ளிப் பந்தைப் பிடித்து இறங்கியபோது, அந்த மழைக்குப் புதிதாக வந்த வெடிப்பில் என் வலது கால் இறங்கியது. முழங்கால் ஒருபக்கம், நான் ஒருபக்கம்.

கொழும்பில் தேசிய அணித் தெரிவுக்குப் போக இருந்தேன். போகவில்லை. கட்டிலில் கிடந்து சுவரைப் பார்த்து அழுதேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. எங்கள் அணியின் முகாமையாளர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வீங்கிய காலை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இனி உமக்கு ஓட ஏலாது. கத்த ஏலும்தானே? அப்ப கோச்சா இரும்."

லித்துவேனியாக்காரர்

அப்படிக் கத்தத் தொடங்கி வருடங்கள் போய்விட்டன. இடையில் பெண்பிள்ளைகளின் அணி ஒன்று என் கையில் வந்து சேர்ந்தது. எனக்கிருந்தது ஒரேயொரு ஆசை. நான் போகாத தேசிய அணிக்கு என் பிள்ளைகளில் ஒருத்தியாவது போகவேண்டும். சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வரும் நிலானி போவாள் என்று நம்பினேன். தகப்பன் இல்லை. தாய் கரையில் மீன் வாங்கி விற்கிறவர். பிள்ளை நல்ல உயரம், அதைவிட நல்ல கண்.

ஒரு பின்னேரம், உப்புவெளிக் கடற்கரை விடுதியில் தங்கியிருந்த நெட்டை வெள்ளைக்காரர் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று எங்கள் பயிற்சியைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டேன். லித்துவேனியா என்றார். தெரிந்தமாதிரித் தலையாட்டினேன், அது எங்கே இருக்கிறதென்று பிறகு போனில்தான் பார்த்தேன். அந்த நாட்டில் கூடைப்பந்து வளையம் இல்லாத ஊரே இல்லையாம். அவரும் விளையாடி, முழங்கால் போய், பயிற்சியாளரானவர். காற்சட்டையை மடித்து வடுவைக் காட்டினார். நானும் என்னுடையதைக் காட்டினேன். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

வென்றால் பிள்ளைகள் வென்றார்கள், தோற்றால் மாஸ்டர் தோற்றார் என்பதுதான் அங்கேயும் வழக்கமாம். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பிள்ளைகளை ஒருமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். போகும்போது நிலானியின் பக்கம் தலையை அசைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்:

"இந்தப் பிள்ளையை நீ இங்கே வைத்திருக்காதே. நான் என்னுடைய நல்ல பிள்ளைகளை வைத்திருக்கவில்லை, அனுப்பிவிட்டேன். என் கெட்டித்தனம் முழுக்க அவ்வளவுதான்."

கச்சான்

ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் எங்கள் மைதானத்தில் பந்து நேரே போகாது. உப்புக்காற்றுப் பட்டு ஒருபக்க வளையம் துருப்பிடித்து விழுந்துவிட்டது. புதிது கேட்டு அலைந்து களைத்து, மிஞ்சிய ஒரு வளையத்திலேயே பழகினோம். தூரத்திலிருந்து எறிந்தால் காற்று பந்தை ஒரு சாண் வலதுபக்கம் தள்ளும். ஆகவே இங்கே எவரும் வளையத்தைப் பார்த்து எறிவதில்லை. ஒரு சாண் இடதுபக்கம் பார்த்துத்தான் எறிவோம். நாளடைவில் அது காற்றுக்காகச் செய்வது என்பதே மறந்துவிட்டது. எறிவது என்றால் அப்படித்தான்.

ஆடி மாதம் கொழும்பில் போட்டி. மூடிய அரங்கு, பளபளவென்று மரத்தரை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டுமோ என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆட்டம் தொடங்கியது. எறிந்த பந்தெல்லாம் வளையத்தின் இடது விளிம்பில் பட்டு வெளியே போனது. எல்லோரும் ஒரேமாதிரிக் குறி தவறினார்கள். எதிரணிப் பிள்ளைகள் முதலில் ஏதோ தந்திரம் என்று பயந்தார்கள், பிறகு சிரித்தார்கள். நான் 'நிதானம், நிதானம்' என்று தொண்டை கிழியக் கத்தினேன். இடைவேளையில் அண்ணாந்து கூரையைப் பார்த்தபோதுதான், இங்கே காற்று இல்லை என்பது எனக்கு விளங்கியது. நேரே எறியுங்கோ பிள்ளையள் என்றேன். மனதுக்கு விளங்கினாலும் கை கேட்டால்தானே? நிலானி ஒருத்தி மட்டும் கையைத் திருத்திக்கொண்டு கூடைமேல் கூடையாகப் போட்டாள். அது போதவில்லை.

வான் வண்டியில் திரும்பி வந்தோம். ஹபரணை தாண்டியபின், அணியின் சின்னவள், கிண்ணியாவைச் சேர்ந்த றிஸானா, முன்சீற்றுக்கு எட்டி என்னிடம் கேட்டாள்:

"சேர், காத்தில்லாத இடமாப் பாத்துப் பழகுறதெண்டா நம்மட ஊர்ல எங்க போற?"

யன்னல்

அந்தக் கேள்விக்கு நான் பதில் தேடி முடிப்பதற்குள் அணியே கலைந்துவிட்டது. பள்ளிக்கூடம் முடிந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டும் முடிந்தது. ஒருத்தி கடையில் வேலைக்கு நின்றாள், ஒருத்திக்குக் கலியாணம். றிஸானா கொஞ்சக்காலம் தையல் பழகிவிட்டு, வீட்டு வேலைக்கென்று கட்டாருக்குப் போனாள். பந்தைக் கொண்டு பாம்பு மாதிரி நெளிந்து ஓடுகிற பிள்ளை.

பெருநாளுக்கு அடுத்தநாள் வட்ஸ்அப்பில் எடுத்தாள். சாப்பாடு நல்லம், வேலை பரவாயில்லை, வெயில்தான் கொஞ்சம் கூட என்றாள். பந்து விளையாட வசதி உண்டோ என்று, வேறு கதை தெரியாமல் கேட்டுத் தொலைத்தேன்.

"பில்டிங்குக்குக் கீழ நல்ல கோர்ட் ஒண்டு இரிக்கி சேர். ரெண்டு வளையமும் இரிக்கி. யன்னலால பாப்பேன். கீழ போக வுட மாட்டாங்க."

படலை

கொழும்புப் போட்டியில் நிலானியைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர் அவளை மறக்கவில்லை. தொலைபேசியில் என்னைப் பிடித்தார். வேலை, தங்குமிடம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு, நாள்முழுக்கப் பயிற்சி. அங்கிருந்து தேசிய அணிக்கு ஒரு எட்டுத்தான். ஒன்றுதான் இடித்தது: அது சீருடைக்காரரின் அணி, இராணுவம். நிலானியிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அம்மாவை நீங்கள்தான் கேக்கவேணும் சேர்" என்றாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். நிலானியின் தாய்மாமன் சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை சைக்கிளில் டவுனுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. அவருடைய படம் அந்த வீட்டு முன்கூடத்தில் இருக்கிறது. செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லாததால் மாலை போடவில்லை.

அந்தப் படத்துக்குக் கீழே இருந்துகொண்டு நான் சம்பளத்தையும் தங்குமிடத்தையும் பற்றிப் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சமாக எப்போதும் பேசியதில்லை. தாய் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, என்ன உடுப்புப் போடவேண்டும் என்று கேட்டார். போட்டியில் பனியன்தான் என்றேன். மற்ற நேரம்? தேத்தண்ணீரை எடுத்து ஊதினேன். நிலானி குசினி வாசலில் நின்றாள். தாய் அவளைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே சொன்னார்:

"அவள் போகட்டும் சேர். எனக்காண்டி அவள் மீன் கூடை தூக்க வேண்டாம். ஆனா அந்த உடுப்போட இந்தப் படலையத் திறக்கவேண்டாம் எண்டு நீங்களே சொல்லிப்போடுங்கோ."

கொடி

சொன்னேன். நிலானி போனாள். லீவுக்கு வரும்போது அவர்களுடைய வாகனத்தில் வந்து ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலில் இறங்குவாள். அறைக்குள் போய் உடுப்பு மாற்றி, சீருடையை எங்கள் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை என் கையில் தந்துவிட்டு, பூப்போட்ட சட்டையோடு சாம்பல்தீவு பஸ் ஏறுவாள். திரும்பும்போது மறுபடி எங்கள் வீடு. இந்த வருடம் தேசியக் குழாமில் அவள் பெயர் வந்தது. அன்று என் ஆசை நிறைவேறியது. தாய் அதைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை என்று நிலானி சொன்னாள்.

போன லீவில் என் மனைவி அந்தச் சீருடையைத் தோய்த்துப் பின்வளவுக் கொடியில் காயப்போட்டிருந்தாள். அன்று பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வந்த நிலானியின் தாய் மீன் கொஞ்சம் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பின்பக்கத்தால் வருகிறவர். நான் முன்னுக்கு இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை இறங்கியதும் கொடியில் கிடந்த உடுப்பு ஞாபகம் வந்து, பின்னுக்கு ஓடினேன். கொடி வெறுமையாகக் கிடந்தது. குசினிக்குள், மேசையில், அந்தச் சீருடை கைகள் உள்ளே மடித்து, பொத்தான் போட்டு, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. நிலானியின் தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார். அவர்தான் சொன்னார்:

"மழை தூறினது சேர், எடுத்து வச்சிட்டன். ஆரின்ர உடுப்பெண்டு நான் கேக்கேல்லை."

விளையாடியும் பார்த்தேன், பழக்கியும் பார்த்தேன். கடைசியில் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி, ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அலுமாரித் திறப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருப்பதுதான்.