விசா முடிந்த வாரம்

மாலைதீவில் ஹோட்டல் வேலைக்குப் போயிருக்கும் என் மகன் சென்ற வாரம் ஒரு படம் அனுப்பினான். சிவப்பு ஸ்கூட்டர், அதன்மேல் தலைக்கவசம் இல்லாமல் அவன்.

"கூட்டாளியோடதுப்பா. வெளிநாட்டுக்காரங்கன்னா இங்க லைசன்ஸத் தனியா எழுதிக் குடுத்து மாத்தணுமாம். யாரும் கேக்குறதில்ல."

அன்று மட்டும் மூன்று தடவை அவனை அழைத்தேன். மூன்றாவது அழைப்பை அவன் எடுக்கவில்லை. "ஸ்கூட்டர்தானே, பிளேன் ஓட்டுற மாதிரி பதறுறீங்க" என்றாள் மனைவி. வெளிநாட்டுக்காரனாக மோட்டார் சைக்கிள் ஓட்டிய அனுபவம் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் உண்டு. அதுவும் நான் பிறந்த மாத்தளையிலேயே.

உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த எங்கள் குடும்பத்துக்கு, இரு நாட்டு ஒப்பந்தப்படி அப்பா இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தார். கிடைத்தது. தலைமன்னாரில் கப்பலேற வேண்டிய நேரத்தில் பதினெட்டு வயதான எனக்குக் கடும் காய்ச்சல். அடுத்த கப்பலில் வா என்று சொல்லிவிட்டு அப்பாவும் அம்மாவும் அக்காவும் போனார்கள். வடக்கில் சண்டை முற்றி, அந்த அடுத்த கப்பல் புறப்படவே இல்லை. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டும், ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் விசாவுமாக நான் இங்கேயே நின்றுவிட்டேன்.

இப்போதும் கராம்பு வாசனை பட்டால் எனக்குப் பெட்ரோல் வாசனையும் சேர்ந்தே வரும். மாத்தளையில் ஹாஜியார் ஒருவரின் மிளகு, கராம்புக் கடையில் வேலை. யட்டவத்த, லக்கல பக்கமெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய்ச் சரக்கின் மாதிரியைப் பார்த்து வரவேண்டும். அதற்காக லைசன்ஸ் எடுக்கப் போனபோது, கந்தோரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்:

"எப்போது இலங்கைக்கு வந்தாய்?"

"வரவில்லை ஐயா. இங்கேதான் பிறந்தேன்."

"அப்படியா, எப்போது போகிறாய்?"

நல்ல மனிதர்தான். கேட்டுவிட்டு அவரே சங்கடப்பட்டார். அம்மாவின் கடிதங்களிலும் அதே கேள்விதான்: எப்போது வருகிறாய்?

லைசன்ஸ் கிடைத்தது. அதையும் பாஸ்போர்ட்டையும் ஒரு சிலிசிலி பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறுவேன். வியர்வையில் அது முதுகுப் பக்கம் நகர்ந்துவிடும். வீதித் தடையில் நிறுத்தினால், பூச்சி புகுந்தவன்போல் நெளிந்து அதை வெளியே எடுப்பேன். அதைப் பார்த்தே சில சிப்பாய்கள் சிரித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். கடைக்குப் பின்னால் என் அறை. பேச ஆளில்லாத ஞாயிறுகளில் வண்டியைத் துடைத்தபடி அதோடு பேசியிருக்கிறேன்.

அப்படியிருந்த எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி சவரி. கடையில் மூட்டை ஏற்றுபவன். எல்கடுவத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வருவான். அவனுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. "இந்தியாவும் எடுக்கல, இலங்கையும் எடுக்கல. மாதா மட்டுந்தான் என்னைய எடுத்திருக்கா" என்பான். அடையாள அட்டை இல்லாததால் லைசன்ஸும் இல்லை. ஆனால் கடை முற்றத்தில் என்னைவிட நன்றாக ஓட்டுவான். நான் வந்து இறங்கினால், "வாங்க வெளிநாட்டுத் தொரை!" என்று சலாம் போடுவான்.

நாடெங்கும் கடையடைப்பும் ஊரடங்குமாக இருந்த நாட்களில் ஒரு காலை. சவரியின் மனைவியைப் பிரசவத்துக்கு மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. அவன் லயத்துக்குப் போய்த் துணிமணியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் கொண்டுவர வேண்டும்.

"மச்சான், நீ ஓட்டு. நான் பின்னால குந்திக்கிறேன். அர மணித்தியாலம்."

என் விசா முடிந்து நான்கு நாளாகியிருந்தது. புதுப்பிக்கக் கொழும்புக்குப் போக வழியில்லை. பிடித்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. "வண்டிய எடுத்துக்கிட்டுப் போ. நான் வரல" என்றேன்.

"சரி, அந்தப் பையையாவது குடு. ஃபோட்டோவ யாரு உத்துப் பாக்கப் போறா?"

"அது சட்டப்படி தப்பு சவரி."

அவன் என்னைப் பார்த்தான். "சட்டம் படிச்ச தொரை" என்று சிரித்துக்கொண்டே உதைத்துக் கிளம்பினான்.

எல்கடுவ வீதியில், தார் பீப்பாய் அடுக்கிய தடையில் சிப்பாய்கள் அவனை இறக்கி ஜீப்பில் ஏற்றிப் போனார்கள் என்ற செய்தி மத்தியானம் வந்தது. வண்டி கடையுடையது, நான்தான் கொடுத்தேன் என்று யாராவது முகாமுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும். பையை நெஞ்சில் பிடித்தபடி அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஹாஜியார் வாசலில் நின்று, "என்ன மகன், வாறியா?" என்றார். நான் கட்டிலை விட்டு எழவில்லை. "சரி, நான் போறன்" என்று வண்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனியே நடந்தார்.

மூன்றாம் நாள்தான் விட்டார்கள். அதற்குள் அவனுக்கு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. சவரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "டேங்க்ல கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருக்கு, பாத்துக்க" என்றான். அதன்பின் என்னை அவன் ஒருமுறைகூடத் தொரை என்று கூப்பிடவில்லை.

அடுத்த ஆண்டு குடும்பத்தோடு கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் காணி எடுக்கப் போய்விட்டான். கிறிஸ்மசுக்கு ஒரு கடிதம் வரும். ஒருமுறை பிள்ளை சைக்கிள் ஓட்டும் படம் இருந்தது. கடைசிப் போர் முடிந்த பிறகு கடிதம் இல்லை. நான் எழுதிய இரண்டும் திரும்பி வந்தன. அந்தப் பிள்ளைக்கு என் மகனைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

பிற்பாடு சட்டம் மாறி எனக்கும் இந்நாட்டு அடையாள அட்டை கிடைத்தது. ஹாஜியார் மௌத்தாகி வருடங்களாகிவிட்டன. கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள்.

நேற்று மகன் எடுத்தான். "சரிப்பா, லைசன்ஸ் எடுக்குறேன், விடுங்க."

"எடு. எடுத்தப்புறம் இன்னொன்னு. எவனாவது அவசரம்னு வந்து நின்னா, வண்டிய மட்டும் குடுத்து அனுப்பாத. பின்னால ஏத்திக்கிட்டு நீயே போ."

"இதென்னப்பா புதுசா?" என்று சிரித்தான். "ஹெல்மெட்டும் போடு" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

இப்போதும் மாதம் ஒருமுறை எல்கடுவ வீதியில் ஸ்கூட்டரில் போகிறேன். பீப்பாய்கள் இருந்த வளைவில் புல் மண்டிக் கிடக்கிறது. யாரும் நிறுத்துவதில்லை. அந்த வளைவு வந்ததும் நானாகவே நிறுத்தி ஒரு காலை ஊன்றுகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்துவிட்டு விலகிப் போகிறார்கள்.