மாமாவுக்கு உதவிய பொலிஸ்காரர்

பொலிஸ் காரில் ஏறிப் போக வேண்டும் என்று ஏங்கிய யாழ்ப்பாணப் பிள்ளை, அந்தக் காலத்தில் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் கடைசி. மெல்பேர்னில் டண்டினொங் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் படித்தேன். வகுப்பில் தமிழ்ப் பிள்ளை என்றால் நான் மட்டும்தான். கிரேக்கப் பிள்ளைகள் என்னைத் தங்களில் ஒருத்தி என்று நினைத்துத் தங்கள் பாஷையில் பேசிப் பார்ப்பார்கள். நானும் கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல் தலையை ஆட்டி வைப்பேன்.

ஆசையை மூட்டிவிட்டவர் ஒரு சார்ஜன்ட். போதைப்பொருளைப் பற்றியும் அடிதடியைப் பற்றியும் எங்களுக்குச் சொல்லித்தர வியாழக்கிழமைகளில் வகுப்புக்கு வருவார். நல்ல உயரம். வகுப்புக்குள்ளும் தொப்பியைக் கழற்ற மாட்டார். தலையில் ஒரு மயிரும் இல்லை என்று எங்களுக்குள் ஒரு வதந்தி இருந்தது. கையில், காப்பு விற்கிறவர்கள் கொண்டுவருவது போலக் கண்ணாடி மூடி போட்ட ஒரு தட்டைப் பெட்டி. உள்ளே வில்லைகள், தூள், காய்ந்த இலை, ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் பெயர். பார்க்க விடுவார், தொட விடமாட்டார். அந்தக் காய்ந்த இலை, ஊரிலிருந்து எங்களுக்குத் தபாலில் வந்து சேரும் கறிவேப்பிலையைப் போலவே இருந்ததால் சில நாள் எனக்கு அம்மாவின் கறியில் சந்தேகம் இருந்தது.

பிறகு அடிதடிப் பாடம். கோபம் வந்தால் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு பத்து வரை எண்ண வேண்டும் என்றார். சட்டையில் பை இல்லாத நான் கையை எங்கே வைப்பது என்று கவலைப்பட்டேன். ஒருவர் உன்னை அடித்தால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வெளியே சொல்லிவிடு, சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்னிடம் சொல் என்பார். பொலிஸ்காரர் உங்கள் சிநேகிதர் என்று ஒவ்வொரு முறையும் முடிப்பார். நான் அவரை முழுதாக நம்பினேன்.

கடைசி வியாழக்கிழமை ஒரு வேலை தந்தார். பொலிஸ்காரர் எப்போதாவது உங்களுக்கு உதவி செய்திருக்கிறாரா என்று வீட்டில் ஒரு பெரியவரிடம் கேட்டு, ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். திறமாக எழுதுகிறவர், பெற்றோர் கூடும் நாளில் அதை மண்டபத்தில் வாசிக்கலாம். சட்டையில் நீல நாடா குத்துவார்கள். அதற்கும் மேலே, பொலிஸ் காரில் ஒரு சுற்று, துணைக்கு ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு.

மற்றப் பிள்ளைகளுக்குக் கதை கையிலேயே இருந்தது. ஒருத்தியின் தொலைந்த நாயைப் பொலிஸ் கண்டுபிடித்துக் கொடுத்ததாம். எங்கள் வீட்டிலோ ஒன்றுமில்லை. அப்பா காரோட்டும்போது பின்னால் பொலிஸ் கார் வந்தால், ஒரு குற்றமும் செய்யாமலே அவருக்கு வியர்க்கும். அம்மாவைக் கேட்டேன். எங்களுக்கேன் பொலிசோடை சோலி என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டாள். நான் சாப்பிட மாட்டேன் என்று மேசையில் கவிழ்ந்து அழுதேன்.

வீட்டில் மிச்சமாக இருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், கதிரையில் இருந்தபடி செய்கிற வேலையாகப் பார்த்து எடுத்திருந்தார். அவரால் கனநேரம் நிற்க முடியாது. ஏன் என்று கேட்டால், இந்த நாட்டுச் சப்பாத்துக் கடிக்குது என்பார். தெருவில் சீருடையைக் கண்டால், அது தபால்காரருடையதாக இருந்தாலும், மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார். ஆகவே அவரைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என் அழுகையைப் பொறுக்காமல் அவராகத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒருக்கால் உதவி செய்தவர் ஒருத்தர். கொப்பியை எடு, சொல்லுறன்."

குசினியில் கத்திச் சத்தம் நின்றது. "தம்பி, பிள்ளைக்கு ஏன் அதெல்லாம்," என்றாள் அம்மா.

"அவள் உதவி செய்த பொலிஸ்காரனைத்தானே கேக்கிறாள், அக்கா. அப்பிடி ஒராள் இருந்தவர்தானே."

மாமா சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். ஒருநாள் விடியக் காலையில் அவரை ஏற்றிப் போவதற்கென்றே ஒரு ஜீப் வந்ததாம். செருப்புப் போடக்கூட நேரம் தராத அவசரமாம். பதினொரு நாள் வைத்திருந்தார்களாம், அதுவும் தனியறையில். அவரைப் பற்றியும் அவருடைய சிநேகிதர்களைப் பற்றியும் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். அதிலேதான் கொஞ்சம் குறை என்றார். பிறகு, அங்கே வயதான சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் இருந்தார் என்று மெதுவாகத் தொடங்கினார். மற்றவர்கள் போன பிறகு அவர் தண்ணீர் கொண்டுவந்து, மாமாவின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாராம். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அப்போது அந்த மனிதர் அழுதாராம். ஏன் அழுதார் என்று கேட்டேன். வீட்டு ஞாபகம் வந்திருக்கும் என்றார் மாமா.

இன்று இதை வாசிக்கிற எவருக்கும் விளங்கும். மாமா கறுப்புக் கொடி பிடித்து மாணவர் ஊர்வலம் ஒன்றில் போனவர் என்பதையும், அதற்காக அவருடைய உள்ளங்காலில் அடித்தார்கள் என்பதையும், சப்பாத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதையும் அம்மா எனக்குச் சொன்னபோது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயதில் தெரிந்ததெல்லாம், நாய் பிடித்துக் கொடுத்த கதையை இது அடித்துப் போடும் என்பது மட்டுமே. போதாக்குறைக்கு நானும் கொஞ்சம் மெருகு போட்டேன். வெளியே விட்ட அன்று, வீட்டுக்குத் தான் நடந்து வரவில்லை என்று மாமா சொன்னதை, 'என் மாமாவை இரண்டு பொலிஸ்காரர் மாப்பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள்' என்று எழுதினேன்.

வாசித்த ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இது உன் மாமாவுக்குத் தெரியுமா என்று இரண்டு தரம் கேட்டார். நான் களவாக எழுதினேன் என்று சந்தேகப்படுகிறாராக்கும் என்று எனக்குக் கோபம். கட்டுரையோடு ஒரு கடிதத்தையும் வீட்டுக்கு அனுப்பினார். மாமா இரண்டையும் வாசித்தார். மாப்பிள்ளை வரிக்கு வந்ததும் என் தலையைத் தடவினார். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம், வாசிக்கட்டும் என்று கடிதத்தின் அடியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். தான் மட்டும் வரமாட்டேன், வேலை இருக்கிறது என்றார்.

ஆனால் வந்தார். அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை பின்னேரம், மண்டபம் நிறையப் பெற்றோர். வேலைச் சட்டையோடு கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மேடையில் எனக்குப் பக்கத்தில் முழுச் சீருடையில் சார்ஜன்ட். நான் உரத்து வாசித்தேன். ஜீப்பும் செருப்பும் வந்தபோது சிலர் சிரித்தார்கள். தனியறை வந்தபோது சிரிப்பைக் காணவில்லை. தண்ணீர் பருக்கிய இடத்தில் யாரோ ஒருவர் கைக்குட்டையைத் தேடினார். மாப்பிள்ளையில் நான் முடித்தபோது மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. நாய்க்காரி வாசித்திருந்தால் இப்படி ஒரு அமைதி கிடைக்குமா என்று நினைத்துக்கொண்டேன். அப்போது சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். வதந்தி உண்மைதான். ஆனால் வகுப்புப் பிள்ளைகள்கூட அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நாடாவை எனக்குக் குத்திவிட்டு அவர் மேடையால் இறங்கி, நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தார். எழுதியது நான், கை கொடுக்கப் போவது மாமாவுக்கா என்று எனக்குச் சுருக்கென்றது. மாமா எழும்பினார். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. சார்ஜன்ட் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மாமா அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றார். இந்த நாட்டுப் பழக்கம் தெரியாமல் மனிசன் எங்கள் மானத்தை வாங்குகிறாரே என்று எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

"மாமா, கை குடுங்கோ," என்று மேடையில் நின்று தமிழில் கத்தினேன்.

மாமா கையைக் கொடுத்தார். சார்ஜன்ட் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கைதட்டல் அப்போதுதான் தொடங்கியது.

காரில் துணைக்கு யார் என்று கேட்டார்கள். அப்பாவோடு போ என்று அம்மா கண் காட்டினாள். நான் மாமா என்றேன். எங்கள் குடும்பத்தில் பொலிஸ் வாகனத்தில் ஏறிய அனுபவம் அவருக்குத்தானே இருந்தது. அம்மா அவருடைய சட்டையைப் பிடித்தாள். மாமா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, பிள்ளை ஆசைப்படுகிறாள், நான் போறன் என்றார். அம்மாவும் அப்பாவும் எங்கள் காரில் முன்னே வீட்டுக்குப் போனார்கள்.

சார்ஜன்ட் மாமாவுக்கு முன் கதவைத் திறந்துவிட்டார். கைதிகள் இருக்கிற பின் ஆசனம் எனக்கு. மாமா யன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கினார். பிறகு கையைப் பின்னால் நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சைரன் போடட்டுமா என்று சார்ஜன்ட் கேட்டது என்னிடமல்ல, மாமாவிடம். மாமா யோசித்துவிட்டுத் தலையாட்டினார். சந்தைப் பக்கமாக ஒரு தெரு முழுவதும் நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனோம். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ராசாத்தி மாதிரி இருந்தேன்.

வீட்டு வாசலில் கார் நின்றது. சார்ஜன்ட் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மாமா இறங்கி, வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பிடியை விட்டுவிட்டு நடந்தார். அம்மா கதவடியில் நின்றாள்.

"அக்கா, நான் நடந்து வந்திட்டன்," என்றார் மாமா.

படலையிலிருந்து கதவுக்குப் பதினைந்து அடி இருக்கும். அதை நடந்து வந்ததை ஒரு செய்தியாகச் சொல்கிறாரே என்று நான் நினைத்தேன். அம்மாவோ அவருடைய தோளில் முகத்தை வைத்து, அக்கம்பக்கம் கேட்க அழுதாள். என் நீல நாடாவைக் கண்ட சந்தோசத்தில்தான் அழுகிறாள் என்று தெரிந்துகொண்டு, அவளுக்கு இன்னும் வடிவாகத் தெரியட்டும் என்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.