ஓம், நித்திரை இல்லை

அந்த வீட்டுக்குக் குடிபோன அன்று நான் செய்த முதல் வேலை, படுக்கையறை யன்னல் கண்ணாடிக்குப் பத்திரிகைத் தாள் ஒட்டியது. எழுபதுகளின் நடுப்பகுதி. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர் நாட்டில், ஹோம்புஷ் என்ற இடத்தில் ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிவப்புச் செங்கல் கட்டிடம், அதில் இரண்டாம் மாடி. ஒரு படுக்கையறை, ஒரு முன்னறை, திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு குசினி. ஊரில் கட்டிட வரைபடம் கீறிக்கொண்டிருந்த என் கணவர், செவன் ஹில்ஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரத்துக்குத் தகரம் ஊட்டிக்கொண்டிருந்தார். நிரந்தர இரவு வேலை. காலையில் வருவார், சோறு சாப்பிடுவார், எட்டு மணிக்குப் படுப்பார். எட்டிலிருந்து மூன்று மணிவரை அந்த வீட்டில் ஒரு கரண்டி விழக்கூடாது.

இது அவர் போட்ட சட்டமல்ல. நான் போட்டது. தேங்காய் துருவுவதில்லை, ரேடியோ போடுவதில்லை, குழாயை நூல் போலத் திறந்து அரிசி கழுவுவேன். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் பேசப் பழகியதே இரகசியக் குரலில்தான். ஒருநாள் ஏதோ பொம்மை உடைந்ததென்று வீரிட்டாள். பாய்ந்து போய் உள்ளங்கையால் வாயைப் பொத்தினேன். கொஞ்சம் அழுத்தித்தான் பொத்திவிட்டேன். கைக்கு மேலே இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. அந்தக் கண்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

அதற்குப் பிறகு அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். ஸ்டேஷன் வரை போவது, திரும்புவது, மறுபடி போவது. மழை என்றால் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை. அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்ப்பேன். கண் சொருகும். பிள்ளை சோப்புத் தூளை வாயில் வைத்துவிடுவாளோ என்று திடுக்கிட்டு எழும்புவேன். அவர் இல்லாத வீட்டில் இரவு எனக்குக் கண் மூடாது. அவர் இருக்கிற வீட்டில் பகலில் எனக்குப் படுக்க இடமில்லை. இதை யாரிடம் சொல்லி அழ? ஊருக்கு எழுதும் கடிதத்தில் எல்லோரும் நலம் என்றுதான் எழுதினேன்.

ஒரு புதன்கிழமை பாதி வழியில் பார்த்தால் பால்போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தள்ளுவண்டியோடு பிள்ளையையும் தூக்கி இரண்டு மாடி ஏறி, கள்ளியைப் போலக் கதவைத் திறந்தேன். படுக்கையறை திறந்திருந்தது. மனுஷன் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில். உதடுகள் அசைகின்றன. நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறார்! என்னைக் கண்டதும் களவு பிடிபட்டவர் மாதிரிக் கையை எடுத்தார்.

மெல்ல மெல்லத்தான் கதை வெளியே வந்தது. நாலைந்து மாதமாகப் பகலில் ஒரு மணித்தியாலம்கூட முழுதாக நித்திரையில்லை. கண் அயரும்போது நெஞ்சு இரண்டு அடி அடித்து, ஒன்றை விட்டு, பிறகு ஓடத் தொடங்குமாம். வேலையில் தூங்கி விழாமலிருக்கப் போத்தல் போத்தலாகப் பால் விடாத சாயத் தேத்தண்ணி. நாங்கள் இவ்வளவு பாடுபட்டு அமைதியாக இருக்கும்போது நித்திரை வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாராம். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பால்போத்தலையே எறிந்திருப்பேன்.

கோபமில்லை அது, பயம். அவருடைய தகப்பனார் நாற்பத்தொரு வயதில், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். இவருக்கு அப்போது முப்பத்தெட்டு. இந்த மனுஷன் போய்விட்டால் முன்பின் தெரியாத தேசத்தில், பேப்பர் ஒட்டிய அறையில், நானும் பிள்ளையும் என்ன செய்வோம்? அன்றிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பகல் வேலைக்கு மாற்றவேண்டுமென்றால் டொக்டரின் கடிதம் வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். இவரைத் தனியே விட்டால் வெள்ளைக்காரருக்கு முன்னால் கூனிக் குறுகி, ஒன்றுமில்லை, சும்மாதான் வந்தேன் என்பார். ஆகவே நானும் போனேன். நான் ஊரில் பெண்கள் பாடசாலையில் ஆறு வருடம் இங்கிலிஷ் படிப்பித்தவள். சேலையை நறுக்கென்று மடித்துக் கட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்தபோது, பரீட்சை மண்டபத்துக்கு வந்த மாதிரி ஒரு மிடுக்கு எனக்கு.

டொக்டர் நல்லவர், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிய அவசரம். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து இவருடைய நெஞ்சு நல்ல பிள்ளையாக அடித்ததாம். பிறகு என்னைப் பார்த்து, பகலில் இவர் தூங்குவதில்லையா என்று இங்கிலிஷில் கேட்டார். “யெஸ் டொக்டர்” என்றேன். சும்மா இருக்கும்போது படபடப்பு வருவதில்லையா என்றார். “நோ டொக்டர்” என்றேன் அழுத்தி. சுருக்கமாகவும் தெளிவாகவும் பதில் சொல்லவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் அல்லவா. அவர் எழுதினார், உறையில் போட்டார், ஒட்டினார். வெளியே வந்து, பார்த்தீர்களா என் இங்கிலிஷை என்று இவரிடம் பெருமை வேறு அடித்தேன்.

அடுத்த நாள் காலை இவர் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் உறையைக் கிழித்து வாசித்துவிட்டு, அதிர்ஷ்டக்காரன் நீ என்று தோளில் தட்டிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். வாங்கிப் பார்த்தேன். பகலில் நன்றாகத் தூங்குகிறார், ஓய்வில் படபடப்பு இல்லை, இரவு வேலையைத் தொடரலாம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. காது கேளாத டொக்டர், கண் தெரியாத டொக்டர், காசுக்குப் படித்த டொக்டர் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன், அதையும் இரகசியக் குரலில். இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தார். அந்தக் கதவு மூடுவதைப் பார்க்க, எங்கள் மூன்று பேரையும் உள்ளே வைத்து யாரோ வெளியே பூட்டின மாதிரி இருந்தது.

குசினியில் பிள்ளை பாதிப் பாலோடு கோப்பையைத் தள்ளினாள். “பால் வேண்டாமோ?” என்று கேட்டேன். “ஓம்” என்றாள். கோப்பையை எடுத்துக் கழுவப் போனேன்.

அப்படியே நின்றுவிட்டேன். வேண்டாமோ என்று கேட்டேன், ஓம் என்றாள், நான் பாலை எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அது சரி. கேட்டவர் சொல்வது சரி என்றால் எங்களுக்கு ஓம், பிழை என்றால் இல்லை. வெள்ளைக்காரருக்கு அப்படியல்ல. கேள்வி எப்படி வளைந்திருந்தாலும் தூக்கம் உண்டென்றால் யெஸ், இல்லையென்றால் நோ. இதை ஆறு வருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் நான்! பிழை விட்ட பிள்ளைகளை வகுப்பு வாங்கின்மேல் ஏற்றி நிற்க வைத்தவள். தூங்குவதில்லையா என்றதற்கு யெஸ் சொல்லி அவரைத் தூங்க வைத்துவிட்டேன். படபடப்பு வருவதில்லையா என்றதற்கு நோ சொல்லி அந்த நெஞ்சைக் குணமாக்கிவிட்டேன். அவருக்கு ஏதாவது நடந்தால் கொன்றது என் நாக்குத்தான்.

டொக்டரிடம் மறுபடி போக ஒரு கிழமை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு கிழமையும் இவர் வேலையிலிருந்து திரும்பி வரும் காலடி படியில் கேட்கும்வரை நான் நானில்லை. பகலில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே நோ, நோ, நோ என்று பாடமாக்கினேன். எதிரே வந்த ஒரு கிழவி விலகிப் போனாள்.

இந்த முறை டொக்டரைக் கேள்வி கேட்கவே விடவில்லை. நடந்த பிழையைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு பழைய கடிதத்தின் பிரதியைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. அவசரத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் நேராகக் கேட்டார். நித்திரை கெட்டால் நெஞ்சுதான் முதலில் கணக்குத் தீர்க்கும், மருந்தைவிட இவருக்கு இரவு நித்திரைதான் வேண்டும் என்று சொல்லி, புதுக் கடிதம் எழுதினார். வேலை மாறும்வரை சாயத் தேத்தண்ணியைக் குறைக்கச் சொன்னார், ஒரே நேரத்துக்குப் படுக்கச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது.

எழும்பப் போனோம். டொக்டர் பேனையை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் தூங்குவதில்லையா என்று கேட்டார்.

ஒரு கிழமையாகப் பாடமாக்கிய சொல், அவருக்காகப் பாடமாக்கிய சொல். “நோ டொக்டர்” என்றேன். அதற்குப் பிறகு அழுகையை அடக்க முடியவில்லை. மடியிலிருந்த பிள்ளை பயந்துபோய்த் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவர் என் பக்கம் திரும்பி, “நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்றார்.

“நீங்கள் நித்திரையெண்டு நினைச்சுத்தானே நான் சத்தம் போடாமல் இருந்தனான்” என்றேன்.

டொக்டர் குழாயை எடுத்து என் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தார். அந்தப் பரிசோதனை முடியும்வரை இவர் தலை நிமிரவில்லை.

திரும்பி வரும் ரயிலில் யன்னலோரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு இவர் இருந்தார். எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் தடதடவென்று போனது. அவள் ஆசையாக வாயைத் திறந்தாள். என் கை தானாக எழும்பியது. இவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் முழங்காலில் வைத்து அமத்தினார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் காதோரம் எம்பி, இரகசியக் குரலில் கேட்டாள்.

“அப்பா நித்திரை இல்லையோ?”

“ஓம் குஞ்சு” என்றார். “கத்து, நல்லாக் கத்து.”

அவள் கத்தவில்லை. அவர் பகல் வேலைக்கு மாறி, நான் யன்னல் தாளை உரித்து எறிந்த பிறகும், எங்கள் பிள்ளை வீட்டுக்குள் சத்தமாகப் பேசப் பல மாதங்கள் எடுத்தன.