ரிலீவர் வந்தாச்சு

அப்பா பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தார். அதற்குப் பிறகு ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. ஷிப்ட் முடிந்தாலும் அடுத்த ஆள் வந்து நின்றால்தான் இடத்தை விட்டு நகர்வார். அந்த ஆளைத்தான் ரிலீவர் என்பார்கள். மற்றவர்கள் கேட்டைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் ஒன்றுக்குக்கூடப் போகமாட்டார். எனக்கு இதில் ஒரு பெருமையும் இல்லை.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த மதியம் அந்த கேட்டுக்கே போய் அவரைக் கூப்பிட்டேன். பேரிகை கிராமத்திலிருந்து வரவேண்டிய ரிலீவர் பஸ்ஸை விட்டுவிட்டான்.

"நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஆள் வந்ததும் வர்றேன்."

"இது என்ன பார்டரா? பிளாஸ்டிக் டப்பா கம்பெனிப்பா! எவன் தூக்கிட்டுப் போகப்போறான்?"

அவர் உள்ளே போகிற லாரியின் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மா உயிரோடு இல்லை.

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கைக்குத் தலைபின்னக் கற்றுக்கொண்டார். அவர் இழுத்துக் கட்டுகிற வேகத்தில் அவள் புருவம் மேலே ஏறிவிடும். "அப்பா, இது தலை, டென்ட் இல்ல!" என்று கத்துவாள். அவர் சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

போன வருஷம் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மூக்கண்டப்பள்ளி வீட்டில் மூன்று நாள் கிடந்தார். நினைவு தப்பித் தப்பி வந்தது. வரும்போதெல்லாம், "ரிலீவர் வந்துட்டானா?" என்று கேட்பார்.

"இன்னும் இல்லப்பா" என்பேன். உடனே பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பார். ஆள் வரும்வரை நிற்கவேண்டும் என்பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது அந்த உடம்பு. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொல்லிவந்தேன்.

மூன்றாம் நாள் காலை பெங்களூரிலிருந்து கிளம்பிய தங்கை போன் செய்தாள். "அத்திப்பள்ளி டோல்ல நிக்கறேண்ணா. வண்டி நகரவே இல்ல. நான் வர்ற வரைக்கும் அப்பாவ எப்படியாவது புடிச்சு வைண்ணா."

போனை வைத்ததும் அவர் மறுபடியும் கேட்டார். மூன்று நாள் மலம் துடைத்து, தூக்கமில்லாமல் எனக்கு வெறி பிடித்திருந்தது. கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதிய அந்த முகம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"வந்துட்டான்! போய்த் தொலைங்க!"

வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனாலும் நம்பினார். இடுப்பில் துழாவி, இல்லாத சாவிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "எல்லாம் சரியா இருக்கு, பாத்துக்க" என்றார். பத்து நிமிஷத்தில் மூச்சு நின்றது.

முக்கால் மணி நேரம் கழித்துத் தங்கை வந்தாள். "என்னைக் கேட்டாராண்ணா?"

"கேட்டார்."

கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கக் கூடாதாப்பா?"

இருந்திருப்பார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. இப்போது அவள் போன் செய்தால் என் மனைவிதான் எடுத்துப் பேசுகிறாள். நான் குளிக்கிறேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.