நானே ஆடாக நின்ற நாட்கள்

சென்ற மாதம், ஆம்பூரில் எங்கள் தேவாலய மைதானத்தில், அறுப்புப் பண்டிகையன்று நடந்தது இது.

காணிக்கையாக வரும் ஆடுகளை ஏலம் விடுமுன் பிள்ளைகளுக்கு ஆடு கட்டும் போட்டி உண்டு. முளையில் நீளக் கயிற்றால் கட்டிய ஆட்டிடம் ஓடி, கீழே சாய்த்து, மூன்று கால்களைத் தோல் வாரால் கட்டிவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். போதகர் பத்து எண்ணும்வரை கட்டு அவிழக் கூடாது. போன வருஷம் என் மகள் கட்டிய ஆடு, ஆறு எண்ணுவதற்குள் எழுந்து நடந்து போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். பதின்மூன்று வயதுப் பெண். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பழகுவதற்கு எங்கள் வீட்டில் ஆடு இல்லை. பிறர் ஆட்டிடம் விடவும் பயம், உதைத்துவிட்டால்? ஆகவே பள்ளிக்கூட வாத்தியாரான நானே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, தோட்டத்தில் கையையும் காலையும் ஊன்றி நின்றேன்.

"இன்னாங்க, புல்லு கொண்டாரட்டா?" என்றாள் மனைவி.

ஆடாக இருந்ததால் ஒரு பிழை தெரிந்தது. கடைசிச் சுற்றை இழுக்கும்போது மகள் இடது கையை விட்டுவிடுகிறாள். அந்த நொடியில் என்னால் காலை உருவ முடிந்தது.

"கைய உடாதம்மா. முட்டியால அமுக்கிக்கோ" என்றேன்.

பத்தாம் நாள் அவள் கட்டி முடித்ததும் என்னால் அசைய முடியவில்லை.

போட்டியில் அவளுக்கு வாய்த்தது கொம்புள்ள கிடா. தோளைப் பிடித்து இழுத்தாள், சாயவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு அடிபடுமே என்று, கை பட்டதுமே நான் தானாகப் படுத்துக்கொண்டிருந்தேன். முரண்டுபிடிக்கும் ஆட்டைச் சாய்க்க அவள் பழகவே இல்லை. கிடா தலையைச் சுழற்றியது. கொம்பு அவள் கண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போயிற்று.

"உட்டுடு கண்ணு, வந்துடு" என்று கத்தினேன்.

"சும்மா இருப்பா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

மற்றப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்திருப்பாள் போலும், பக்கவாட்டில் போய், முதுகுக்கு மேலாகக் குனிந்து, மறுபக்கத்து இடுப்புத் தோலைப் பிடித்தாள். முழங்காலை இந்தப் பக்கம் முட்டுக்கொடுத்துத் தூக்கினாள். கிடா மூட்டை போலச் சரிந்தது. இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. இடது கை விடவே இல்லை. போதகர் பத்து எண்ணியும் கட்டு அசையவில்லை.

நேரம் அதிகமானதால் மூன்றாம் இடந்தான். அவளோ மைதானம் முழுக்கக் குதித்தாள்.

"நீ ரொம்ப நல்ல ஆடுப்பா. அதான் தப்பு" என்று சிரித்தாள்.

மறுநாளே உதைக்கிற ஆடு ஒன்று வாங்கி வந்தேன். அவள் அதனோடு மல்லுக்கட்டுவதைப் பாதிக் கண்ணால் பார்க்கும்போதெல்லாம், அவளுக்கு வலிக்காமல் இருக்க இன்னும் எங்கெங்கே நான் முன்கூட்டியே படுத்துக் கொடுத்திருக்கிறேனோ என்று தோன்றுகிறது.